சோறு வேருக்கு, மருந்து இலைக்கு

(பசுமைக்குடில் தக்காளியும் இலைவழி உரமும் குறித்து, அம்பத்தூரில் மாடித்தோட்டம் போடுவோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்மைச் சுற்றியிருக்கும் ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாங்காடு. திருவேற்காடு. திருமுல்லைவாயில். வேப்பம்பட்டு. பூவிருந்தவல்லி என்று பெரியவர்கள் சொல்லும் பூந்தமல்லி. மாவும் வேலமும் முல்லையும் வேம்பும் மல்லியும் இந்தப் பெயர்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, தம் நந்தவனத்துப் பூக்களைக் காஞ்சி வரதருக்குச் சுமந்துகொண்டு போனார் என்பது வைணவ மரபு. பிறகு 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. வேலை வந்தது, வீடுகள் வந்தன, வயல் போனது. மண் இப்போது பைகளில் அடைபட்டு மொட்டைமாடிக்கு ஏறியிருக்கிறது. 2013-14இல் தமிழக அரசு 'நீங்களே செய்து பாருங்கள்' என்ற பெயரில் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளைக் கொடுக்கத் தொடங்கியபோது, பை வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.

மாடி ஏறிய முதல் செடிகளில் ஒன்று தக்காளி. அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கோயம்பேடு சந்தைக்கு வரும் தக்காளி மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வர வேண்டும். அங்கே மழை தவறினாலும் மிகுந்தாலும் இங்கே ரசம் தண்ணீராகிறது. அந்த மாதத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் மட்டும் நான்கு மாடிகளில் நிழல்வலைக் குடில் எழுந்தது. குடில் போட்டவர்கள் எல்லோரும் ஒரு மாதம் கழித்து என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “டீச்சர், இலைக்கு எதைத் தெளிக்கலாம்?”

நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிட வேண்டும். குடில் போட்ட முதல் ஆண்டு, ஏப்ரல் மாதம், செடிகள் சோர்ந்து நின்றன. கடையில் 'ஆல் நைன்டீன்' என்று கேட்டால் தருகிறார்களே, 19:19:19, அந்த உரத்தை ஒரு கரண்டி குவித்து அள்ளி, ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைத்து, காலை பதினொரு மணிக்குத் தெளித்தேன். எடை பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் இலை ஓரங்கள் எல்லாம் கருகியிருந்தன. இருபத்திரண்டு செடிகளில் ஒன்பது மீளவே இல்லை. பசியென்று நினைத்து நான் ஊட்டினேன். அந்தச் செடிகளுக்குப் பசியே இல்லை, வெயிலில் வாடியிருந்தன, அவ்வளவுதான். இன்று நான் பேசுவதெல்லாம் அந்த ஒன்பது செடிகள் கற்றுக்கொடுத்த பாடம்.

இலைவழி உரம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1840களில் பிரான்சில் யூசேப் கிரிஸ் என்பவர், வெளுத்துப்போன திராட்சை இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவிப் பார்த்தார். தடவிய இடம் பச்சையானது. 1916இல் ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்களில் இதே நோய். அங்கே மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண்ணில் மாங்கனீசு மிகுந்து கிடந்ததால் செடியால் இரும்பை எடுத்துப் பயன்படுத்த முடியவில்லை. இரும்பு சல்பேட்டைக் கரைத்து இலைமேல் தெளித்தார்கள், மஞ்சள் வயல்கள் பச்சைக்குத் திரும்பின. பிறகு, நம் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்த அதே 1950களில், அமெரிக்காவின் மிச்சிகனில் விட்வர், டியூக்கி என்ற இரு அறிஞர்கள் கதிரியக்கப் பாஸ்பரஸை இலையில் வைத்து, அது எங்கெல்லாம் போகிறது என்று கருவியால் தொடர்ந்து பார்த்தார்கள். இலையில் வைத்தது வேர் வரைக்கும் போனது. இலை உண்ணும் என்பது அதோடு ஐயமற நிலைநாட்டப்பட்டது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். கிரிஸ் கொடுத்தது இரும்பு. ஹவாயில் கொடுத்ததும் இரும்பு. செடி கிராம் கணக்கில் கேட்பதை அவர்கள் இலை வழியாகக் கொடுக்கவில்லை. மில்லிகிராம் கணக்கில் கேட்பதை, அதுவும் வேர் வழி அடைபட்டிருந்தபோது, கொடுத்தார்கள். இலைவழி உரத்தின் அறம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. இதை மறந்துதான் நாம் கைத்தெளிப்பானைத் தூக்குகிறோம்.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு தக்காளிச் செடி 2 கிலோ காய் கொடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 5 கிராம் தழைச்சத்து வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் யூரியா கரைத்து, செடிக்கு 50 மில்லி தெளிக்கிறோம் என்று வையுங்கள். அதில் யூரியா கால் கிராம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து. ஆக, ஒரு தெளிப்பில் செடிமேல் விழுவது 0.115 கிராம். ஒரு துளி வீணாகாமல் முழுதும் உள்ளே போனாலும், 5 கிராம் சேர 44 தடவை தெளிக்க வேண்டும். செடி கெஞ்சினாலும் நம்மால் முடியாது.

இப்போது போரானுக்கு வாருங்கள். அதே செடி வாழ்நாள் முழுவதும் கேட்பது 6 மில்லிகிராம் அளவுதான். லிட்டருக்கு 1 கிராம் வெண்காரம் கரைத்து 50 மில்லி தெளித்தால், அதில் 5.5 மில்லிகிராம் போரான் இருக்கிறது. பாதி வழிந்து போனாலும், இரண்டு மூன்று தெளிப்பில் தேவை நிறைவேறிவிடும். ஒரே தெளிப்பான், ஒரே இலை. ஒன்றுக்கு 44 தடவை, மற்றொன்றுக்கு மூன்று தடவை. தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்றும் செடிக்குச் சோறு. இரும்பு, துத்தநாகம், போரான் போன்றவை மருந்து. இடையில் மக்னீசியம் குழம்பு மாதிரி. சோற்றை வேருக்குப் போடுங்கள், மருந்தை இலைக்குக் கொடுங்கள். வேரை விட இலை பல மடங்கு உறிஞ்சும் என்று யாராவது விற்க வந்தால், “எத்தனை கிராம்?” என்று கேளுங்கள். விழுந்ததில் எத்தனை பங்கு உள்ளே போகிறது என்பது ஒரு கேள்வி. செடிக்குப் போதுமான அளவு போகிறதா என்பது வேறு கேள்வி.

சரி, மருந்து என்றால் நோய் தெரிய வேண்டும். இலையைப் படிக்க ஓர் எளிய வழி உண்டு. மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். செடிக்குள் இடம் மாறக்கூடிய சத்துகள் சில. அவை குறையும்போது செடி தன் கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் கொழுந்துக்குக் கொடுக்கும். வீட்டில் பஞ்சம் வந்தால் பெரியவர்கள் தம் பங்கைப் பிள்ளைகளுக்கு வைப்பது போல. அடியிலை முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை. அடியிலையில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவெல்லாம் மஞ்சளித்தால் மக்னீசியக் குறை. அடியிலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறையாக இருக்கலாம். இடம் மாறாத சத்துகள் வேறு சில. அவை குறைந்தால் கொழுந்தில்தான் தெரியும். கொழுந்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு. நுனி தடித்து, தொட்டால் ஒடிந்து, காயில் தக்கை போன்ற வெடிப்பு விழுந்தால் போரான்.

இதோடு ஓர் எச்சரிக்கை. இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, செடி குட்டையாக நின்றுவிட்டால் அதைச் சத்துக் குறை என்று நினைத்துத் தெளித்துக்கொண்டே இருக்காதீர்கள். பெரும்பாலும் அது வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் வைரஸ். எந்த உரமும் அதைத் தீர்க்காது. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மற்ற செடிகளுக்கு நாம் செய்யும் நன்மை.

நம் மாடிகளில் மக்னீசியக் குறை ஏன் இத்தனை அடிக்கடி வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். தென்னை நார்க்கழிவைக் கேளுங்கள், அது சொல்லும். பாரம் குறைவு, ஈரம் பிடிக்கும் என்பதால் பையில் பாதி அதைத்தான் நிரப்புகிறோம். நார்க்கழிவின் ஒவ்வொரு துகளிலும் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது தன்மேல் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த பொட்டாசியத்தை அவிழ்த்துவிடுகிறது. பொட்டாசியம் மிகுந்தால் வேர் மக்னீசியத்தை எடுப்பதும் குறையும். ஆக, பையில் போட்ட சத்து பையிலேயே இருக்க, செடி பட்டினி. ஹவாய் அன்னாசித் தோட்டத்தின் கதையேதான் இது. இந்த இடத்தில்தான் இலைவழித் தெளிப்பு தன் முழு மதிப்பையும் காட்டும். எப்சம் உப்பு என்று விற்கும் மக்னீசியம் சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று தடவை தெளித்தால், புதிதாக வரும் இலைகள் பச்சையாகவே நிற்கும். முன்பே மஞ்சளித்த இலை முழுதும் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த முறை பை நிரப்பும்போது நார்க்கழிவை நன்றாக அலசி, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ கூடுதலாகச் சேருங்கள்.

இலை எப்படி உண்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலையின்மேல் மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. மழை இலைக்குள் இறங்காமலும், இலைக்குள் இருக்கும் நீர் வற்றாமலும் காப்பது அதுதான். நாம் தெளிக்கும் கரைசல் அந்தப் பூச்சிலுள்ள நுண்ணிய வழிகளிலும் இலைத்துளை ஓரங்களிலும் ஊறி உள்ளே போக வேண்டும். தக்காளி இலையில் துளைகள் அடிப்பக்கத்தில்தான் அதிகம். எனவே தெளிப்பானின் மூக்கைத் திருப்பி, இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். தக்காளி இலையில் ரோமம் உண்டு, அதனால் நீர் முத்து முத்தாக நின்று உருண்டுவிடும். ஒட்டுதிரவம் சிறிது சேர்த்தால் கரைசல் படலமாகப் படரும். இலை நனைந்திருக்கும் வரைதான் உணவு உள்ளே போகும், காய்ந்தால் உப்பாக மேலேயே படிந்துவிடும். யூரியா சில மணி நேரத்தில் நுழைந்துவிடும், பாஸ்பேட்டுக்குப் பல நாள் ஆகும்.

குடிலுக்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது. நிழலில் வளரும் இலையின் மெழுகுப் பூச்சு மெல்லியது. திறந்தவெளிச் செடியைவிட எளிதாக உண்ணும், எளிதாகக் கருகவும் செய்யும். புட்டிமேல் எழுதியிருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள். மேலே தாள் மூடிய குடிலென்றால் உள்ளே மழை விழுந்து கழுவாது, படிந்த உப்பு படிந்தபடி இருக்கும். அதனால் இரண்டு தெளிப்புக்கு நடுவே ஒருமுறை வெறும் நல்ல தண்ணீர் தெளித்து இலையைக் கழுவிவிடுங்கள்.

நல்ல தண்ணீர் என்றேனே, நம் பக்கத்துப் பேச்சு அங்கேதான் போக வேண்டும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பல வீடுகளின் ஆழ்குழாய் நீர் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும் கடின நீர். அந்த நீரில் இரும்பு சல்பேட்டைப் போட்டால் சற்று நேரத்தில் துருவாக அடியில் இறங்கிவிடும். பாஸ்பேட்டைப் போட்டால் கால்சியத்தோடு சேர்ந்து வெண்மையாகத் திரியும். செடிக்குப் போக வேண்டியது வாளியிலேயே நின்றுவிடும். 2003இல் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது நினைவிருக்கிறதா? அந்தக் குழாய் நிலத்துக்குள் இறங்குவதற்கு முன் இரண்டு டிரம் நிரப்பி மூடி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள். ஒரு பருவத்துத் தெளிப்புக்கு அதுவே போதும். இன்னொன்று: கால்சியம் நைட்ரேட்டையும் மக்னீசியம் சல்பேட்டையும் ஒரே பாத்திரத்தில் கெட்டியாகக் கலக்காதீர்கள். ஜிப்சம் ஆகிப் படிந்துவிடும். ஒருநாள் அது, ஒருநாள் இது.

நேரமும் முக்கியம். காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். மாலையில் தெளித்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும், உணவு நன்றாகத்தான் இறங்கும். ஆனால் காற்றோட்டம் குறைந்த குடிலில், நம் ஊர் ஈரப்பதத்தில், அதே ஈரம் இலைக்கருகல் பூஞ்சைக்கும் விருந்து. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் தெளிப்பானைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, தெளிப்பால் தீராத இரண்டு துன்பங்கள். காயின் அடியில் கருப்பாகக் குழிந்து அழுகுகிறதே, அது கால்சியக் குறை. உடனே கால்சியம் வாங்கி இலையில் தெளிக்கிறோம். கால்சியம் வேரிலிருந்து நீரோட்டத்தோடு மேலே ஏறும். இலையிலிருந்து காய்க்கு இறங்கி வராது. காயைவிட இலையில்தான் நீர் அதிகம் ஆவியாகிறது என்பதால் ஓட்டம் எல்லாம் இலைக்கே போகிறது. ஒருநாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றினால் காய்க்குப் பங்கு கிடைக்காது. தினமும் ஒரே அளவு, கோடையில் காலையும் மாலையும். அதற்கு இதுதான் சிகிச்சை.

இரண்டாவது, பூ உதிர்வது. பகல் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத சித்திரை, வைகாசியில் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். குடில் வெயிலைக் குறைக்கும், இரவைக் குளிர்விக்காது. நம் பக்கத்தில் புரட்டாசியில் நாற்று நட்டு, மார்கழி, தை, மாசியில் காய் பறிப்பதுதான் இயல்பு. அப்போதும் பூ உதிர்கிறதென்றால் வலையைப் பாருங்கள். வெள்ளை ஈ வராமல் நெருக்கமான வலை கட்டினீர்கள், வண்டும் வரவில்லை, காற்றும் வரவில்லை. தக்காளிப் பூ அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். காலை ஒன்பது பத்து மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லத் தட்டுங்கள். காசில்லாத இந்த வேலை, பல புட்டி ஊக்கிகளைவிட அதிகக் காய் பிடிக்க வைத்ததை என் மாடியில் கண்டிருக்கிறேன்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் பற்றிக் கேட்டு எனக்கு முன்பே துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கொடுமுடி டாக்டர் நடராஜன் பஞ்சகவ்யத்தைப் பயிருக்கான வளர்ச்சி ஊக்கியாக வடித்துக் கொடுத்தார். லிட்டருக்கு 30 மில்லி என்பது நடைமுறை. மீன் கழிவும் வெல்லமும் சம எடை சேர்த்து ஊறவைக்கும் மீன் அமிலத்தை லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் சேர்க்க வேண்டாம். இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன், மதிக்கிறேன். ஆனால் அவையும் ஊக்கிகள்தான், சோறு அல்ல. வேரில் மட்கிய உரம் இல்லாத செடிக்கு எந்த ஊக்கியும் வயிற்றை நிரப்பாது. வடிகட்டித் தெளியுங்கள், பறிக்கும் நாளை ஒட்டித் தெளிக்காதீர்கள், காயைக் கழுவிச் சாப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், எனக்காகச் செய்யுங்கள். இந்தப் பருவத்தில் ஒரே நாளில் நட்ட, ஒரே உயரமுள்ள ஆறு செடிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம் 1 ஆனாலும் சரி, உங்கள் பாட்டி வீட்டு நாட்டு விதை ஆனாலும் சரி, ஆறும் ஒரே ரகமாக இருக்கட்டும். மூன்றுக்கு உரக் கரைசல் தெளியுங்கள். மூன்றுக்கு அதே நாளில், அதே அளவு, வெறும் மழைநீர் தெளியுங்கள். மற்றது எல்லாம் சமம். ஒவ்வொரு பறிப்பையும் சமையலறைத் தராசில் வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நான் அப்படி மூன்று பருவம் எழுதியிருக்கிறேன். மக்னீசியம் குறைந்திருந்த பருவத்தில் தெளித்த செடிகள் கூடுதலாகக் கொடுத்தன. தொழுவுரம் நிறையப் போட்டிருந்த பருவத்தில் இரண்டு வரிசைக்கும் வேறுபாடே தெரியவில்லை. அந்த வேறுபாடில்லாத பக்கம்தான் என் நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம். வேருக்குச் சோறு ஒழுங்காகக் கிடைத்திருக்கிறது, இலைக்கு மருந்து தேவைப்படவில்லை என்பதற்கு அது சாட்சி.

மாசியில் இதே கூடத்தில் கூடுவோம். ஆளுக்கு ஒரு நோட்டோடு வாருங்கள். அம்பத்தூர் மாடியும் ஆவடி மாடியும் பூந்தமல்லி மாடியும் என்ன சொல்கின்றன என்று சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.